பச்சைக் கோடு, மஞ்சள் கோடு

அன்புள்ள ஐயா,

காஸாவில் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்ட அன்று எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம். "மூவாயிரம் வருஷப் பகை ஒரு கையெழுத்தில் தீருமா?" என்றார் என் மாமனார். டிரம்பின் இருபது அம்சத் திட்டம், பின்னர் வந்த ஐ.நா. பாதுகாப்பு சபையின் ஒப்புதல், சர்வதேசப் படை என்று எல்லாவற்றையும் காட்டி, இந்த முறை வேறு என்று வாதாடிக்கொண்டிருந்தேன். இப்போது அவர் சொன்னதே சரியோ என்று படுகிறது. இத்தனை வெறுப்புக்குப் பிறகும் இஸ்ரேலியர், பாலஸ்தீனர் என்ற அந்த இரு மக்களும் சமாதானமாக வாழ முடியும் என்று நம்புகிறீர்களா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் மாமனாரின் கணக்கில் ஏறக்குறைய 2,900 ஆண்டுகள் அதிகம். இந்தச் சண்டைக்கு வயது நூறு சொச்சம். ஒரே நிலத்தை இரண்டு தேசிய இனங்கள் கேட்பதால் வந்த தகராறு. ஆதிகாலத்துப் பகை என்று சொல்லிவிடுவதில் ஒரு வசதி இருக்கிறது. யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

சமாதானம் முடியும் என்றே நம்புகிறேன். ஆனால் இப்போது வந்திருக்கும் போர்நிறுத்தம் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

1948 நவம்பர் கடைசியில், முதல் அரபு-இஸ்ரேல் போரின் நடுவே, ஜெருசலேமின் முஸ்ராரா பகுதியில் ஆளில்லாத ஒரு வீட்டில் இரண்டு ராணுவ அதிகாரிகள் சந்தித்தார்கள். இஸ்ரேல் தரப்பில் மோஷே தயான், ஜோர்டான் தரப்பில் அப்துல்லா அல்-தல். முன்னால் 1:20,000 அளவில் ஒரு வரைபடம். தயான் பச்சைப் பென்சிலாலும் அல்-தல் சிவப்புப் பென்சிலாலும் தத்தம் படைகள் நின்ற இடத்தைக் கோடாக இழுத்தார்கள். மொத்தையான மெழுகுப் பென்சில். கோட்டின் தடிமன் மூன்று, நான்கு மில்லிமீட்டர். காகிதத்தில் அது ஒன்றுமே இல்லை. தரையில் அறுபது முதல் எண்பது மீட்டர். வீடுகளும் தெருக்களும் பென்சில் தடத்துக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டன. எந்த வீடு யார் பக்கம், கோட்டின் எந்த விளிம்பிலிருந்து அளப்பது என்று பிறகு ஆண்டுக்கணக்கில் தகராறு. சுடுவதை நிறுத்த அவசரமாகப் போட்ட அந்தக் கோடு, 1967 வரை ஒரு நகரத்தை இரண்டாக அறுத்து வைத்திருந்தது.

காஸாப் பட்டை பிறந்ததும் இப்படித்தான். 1949 பிப்ரவரி 24 அன்று ரோட்ஸ் தீவில் எகிப்தும் இஸ்ரேலும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, தான் வகுத்த போர்நிறுத்தக் கோட்டை அரசியல் எல்லையாகக் கொள்ளக்கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. சுமார் 80,000 பேர் வாழ்ந்த இடத்தில் 2 லட்சம் அகதிகள் வந்து சேர்ந்திருந்தார்கள். ஊர் திரும்பும்வரை இங்கே இருப்போம் என்பதுதான் அவர்கள் நினைப்பு. கூடாரம் தகரக் கொட்டகையாகி, கான்கிரீட் வீடாகி, 2023-க்குப் பிறகு மறுபடியும் கூடாரமாகிவிட்டது.

இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் 1993 முதல் செய்துகொண்ட ஆஸ்லோ ஒப்பந்தங்களிலும் இதே சங்கதி. 1995 ஒப்பந்தம் மேற்குக் கரையை அ, ஆ, இ என்பதுபோல மூன்று மண்டலங்களாகப் பிரித்தது; ஏறக்குறைய 60 சதவீத நிலம் முழுக்க இஸ்ரேலின் கட்டுப்பாட்டில் இருக்கும் மூன்றாவது மண்டலத்தில். ஐந்தாண்டு இடைக்கால ஏற்பாடு என்றார்கள். 1999 மே மாதம் அந்தக் கெடு முடிந்தது. மண்டலங்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. ஜெருசலேம், அகதிகள், யூதக் குடியேற்றங்கள், எல்லை ஆகிய நான்கையும் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள் அல்லவா, அந்த "அப்புறம்"தான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஹெப்ரான் மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு யூதக் குடியேறி சுட்டுக் கொன்றான். ஹமாஸ் பஸ்களில் குண்டு வைத்தது. 1995 நவம்பரில் இஸ்ரேல் பிரதமர் ராபினைக் கொன்றவன் ஒரு யூதன். 1993-இல் மேற்குக் கரையில் ஒரு லட்சத்துச் சொச்சமாக இருந்த குடியேறிகள், கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமலேயே இன்று ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள்.

இப்போது மஞ்சள் கோடு. 2025 அக்டோபரில் இஸ்ரேலியப் படை பின்வாங்கி நின்ற இடம்; காஸாவின் பாதிக்கு மேல் கோட்டுக்கு அந்தப் பக்கம். மஞ்சள் பூசிய கான்கிரீட் கட்டைகளை வைத்து அடையாளம் போட்டிருக்கிறார்கள். நீங்கள் சொன்ன இருபது அம்சங்களில் பாலஸ்தீனத் தனிநாட்டுக்குக் கிடைத்த இடம் பத்தொன்பதாவது. அதுவும் எப்படி? சீர்திருத்தங்கள் நடந்தால், அதற்கான பாதைக்குச் சூழல் அமையக்கூடும். தேதி கிடையாது, எல்லை கிடையாது. ஒரு நாட்டையே "கூடும்" என்ற ஒற்றைச் சொல்லில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கும் எதிராக 2024 ஜூலையிலேயே இஸ்ரேல் நாடாளுமன்றம் 68-க்கு 9 என்று வாக்களித்து, தனிநாடே கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டது. இஸ்ரேலை அங்கீகரிப்பதில்லை என்பதிலிருந்து ஹமாஸும் இறங்கி வரவில்லை.

வெறுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இறந்தவர்கள் சுமார் 1,200 பேர். அதன்பின் காஸா சுகாதார அமைச்சகத்தின் கணக்கில் 70,000-க்கும் மேல். யார் மறப்பார்கள்? மறக்கச் சொல்வதே அராஜகம். ஆனால் எகிப்தியர்களுக்கும் இஸ்ரேலியர்களுக்கும் இடையே இன்றுவரை பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. 1948, 1956, 1967, 1973 என்று நான்கு போர்கள். சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட எகிப்து அதிபர் சதாத்தை அவர் நாட்டு ராணுவத்தினரே சுட்டுக் கொன்றார்கள். இருந்தும் 1979 ஒப்பந்தம் இந்தக் காஸா போரையும் தாண்டி நிற்கிறது. அதில் தேதி இருந்தது, எல்லை இருந்தது. 1967-இல் பிடித்த எகிப்தின் சினாய் பகுதி முழுவதையும் 1982 ஏப்ரலுக்குள் இஸ்ரேல் காலி செய்ய வேண்டும். யமித் என்ற தன் குடியேற்ற நகரத்திலிருந்து தன் மக்களைத் தூக்கி வெளியேற்றி, அதை இடித்துவிட்டே இஸ்ரேல் கிளம்பியது.

ஒரே ஓர் இடம் மட்டும் பாக்கி: தாபா. செங்கடலோரம் சுமார் ஒரு சதுர கிலோமீட்டர் மணலும், அதன்மேல் இஸ்ரேலியர்கள் கட்டியிருந்த ஒரு ஹோட்டலும். பழைய எல்லைத் தூண் எங்கே நின்றது என்பதுதான் வழக்கு. யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை. வக்கீல்கள் பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் தூக்கிக்கொண்டு ஜெனீவாவுக்குப் போனார்கள். 1988-இல் தீர்ப்பு எகிப்துக்குச் சாதகமாக வந்தது. ஹோட்டலுக்கு விலை கொடுத்து, 1989 மார்ச்சில் எகிப்து இடத்தை வாங்கிக்கொண்டது.

மாமனாரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். சண்டைக்குக் காரணமான தூணின் எண் 91. அவர் நிச்சயம் கேட்பார் என்பதால் சொல்லி வைக்கிறேன்.