நெஞ்செரிச்சலுக்கு வெளிநாட்டில் ஆபரேஷன்: பேக்கேஜில் என்ன இல்லை?

கேள்வி: ஆறு வருடமாக நெஞ்செரிச்சல். தினமும் ஒரு மாத்திரை போட்டால் அடங்குகிறது. விட்டால் மூன்றாம் நாளே புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறுகிறது. வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று 5 நாள் பேக்கேஜ் அனுப்பியிருக்கிறது. முதல் நாள் எண்டோஸ்கோபி, மறுநாள் ஆபரேஷன், நான்காம் நாள் டிஸ்சார்ஜ், ஐந்தாம் நாள் விமானம். இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடியாம். கட்டலாமா?

பதில்: இந்த வாரம் கட்டாதீர்கள். ஆபரேஷன் உங்களுக்கு ஒத்துவராது என்று சொல்ல வரவில்லை. பார்க்கப்போனால், மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும் எதுக்களிப்பு, அதாவது வயிற்று அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறும் தொல்லை, பெரும்பாலும் ஆபரேஷனுக்கும் நன்றாகக் கேட்கும். காலமெல்லாம் மாத்திரை விழுங்க விருப்பமில்லை என்பது ஆபரேஷனுக்குப் போக நியாயமான காரணம்தான். அந்த ஐந்து நாளில் நடப்பதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. அதில் இடம்பெறாத நாட்கள்தான் இடிக்கின்றன: முன்னால் ஒரு வாரம், பின்னால் இரண்டு வாரம்.

முன்னால் இருக்க வேண்டிய வாரத்தைப் பார்ப்போம். நெஞ்செரிச்சலோடு வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல் எண்டோஸ்கோபியில் புண் எதுவும் தெரியாது. அமிலம் உண்மையிலேயே மேலே ஏறுகிறதா என்பதை அளக்க வேறு சோதனை இருக்கிறது. மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டோ, உணவுக்குழாயில் சிறு கேப்சூல் ஒட்டியோ, ஒரு நாள் முழுக்கவோ அதற்கு மேலோ பிஎச் அளவைப் (குறையக் குறைய அமிலம் அதிகம் என்று பொருள்) பதிவு செய்வார்கள். பிஎச் 4க்குக் கீழே இறங்கும் நேரம் மொத்த நேரத்தில் 6 சதவீதத்தைத் தாண்டினால் நோய் உறுதி. 4 சதவீதத்துக்குள் இருந்தால் இயல்பு. நடுவில் இருந்தால் மற்ற சான்றுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018இல் வெளியான லியோன் நிபுணர் உடன்பாடு வகுத்த எல்லைகள் இவை. நோய் இருக்கிறதா என்று முதன்முறை உறுதி செய்ய இந்தச் சோதனை செய்வதென்றால், ஒமிப்ரசோல் வகை மாத்திரையைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். நேற்றிரவு வரை மாத்திரை போட்டுவிட்டு இன்று விமானத்தில் வந்து இறங்கியவருக்கு அன்றைக்கே எப்படி அளப்பார்கள்? பேக்கேஜின் கணக்கு இங்கேயே உதைக்கிறது.

அடுத்தது மானோமெட்ரி. உணவுக்குழாயின் தசை எவ்வளவு அழுத்தத்தில் உணவைக் கீழே தள்ளுகிறது என்று பார்க்கும் சோதனை இது. அகலேசியா என்றொரு நோய் உண்டு. அதில் உணவுக்குழாயின் அடிவாசல் திறக்காது. சாப்பிட்டது அங்கேயே தேங்கிப் புளித்துப் பின்னால் வரும். நோயாளிக்கு அது அச்சு அசல் எதுக்களிப்பு போலத்தான் தோன்றும். எதுக்களிப்பு ஆபரேஷனோ அந்த அடிவாசலைச் சுற்றி இறுக்குவது. ஏற்கெனவே திறக்காத வாசலை இன்னும் இறுக்கிவிட்டால் அப்புறம் தண்ணீர்கூட இறங்காது. மானோமெட்ரி செய்யாமலே கத்தி வைக்கிறோம் என்கிற இடத்துக்கு, இலவசமாக என்றாலும் போகாதீர்கள்.

இந்தச் சோதனைகளுக்கு எவ்வளவு கனம் என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து, 2019இல் வெளியானது. மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சல் என்று வந்த 366 பேரை எடுத்துக்கொண்டார்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பு ஒழுங்காகப் போடச் சொன்னதுமே 42 பேருக்குச் சரியாகிவிட்டது. 99 பேருக்கு இருந்தது அமிலத்தால் வரும் எரிச்சலே அல்ல. 23 பேருக்கு வேறு உணவுக்குழாய் நோய். இப்படிக் கழித்துக்கொண்டே வந்ததில் ஒப்பீட்டுக்குத் தகுதியாக மிஞ்சியவர்கள் 78 பேர்தான். அந்த மிஞ்சியவர்களுக்கு மட்டும் ஆபரேஷன் அபாரமாக வேலை செய்தது. ஒரு வருடத்தில் ஆபரேஷன் தரப்பில் 67 சதவீதம் பேருக்குப் பலன். கூடுதல் மருந்து கொடுக்கப்பட்டவர்களில் 28 சதவீதம் பேருக்குத்தான். சலித்து எடுத்த பிறகு ஆபரேஷன் நல்ல சரக்கு. சலிக்காமல் வாங்கினால் லாட்டரி.

ஆகவே எண்டோஸ்கோபி, பிஎச், மானோமெட்ரி, பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரே எல்லாவற்றையும் வீட்டுக்கு அருகிலேயே முடித்துவிடுங்கள். எண்டோஸ்கோபியில் கடுமையான புண், அதாவது ஏ முதல் டி வரை தரம் பிரிக்கும் லாஸ் ஏஞ்சலஸ் அளவுகோலில் சி அல்லது டி என்று வந்தால் பிஎச் சோதனை தேவைப்படாமலும் போகலாம். அறிக்கைகளை முதலில் அனுப்புங்கள். அறுவை நிபுணரே வீடியோவில் வந்து அவற்றைப் பார்த்துப் பேசட்டும். முன்பணம் அதற்கப்புறம். அப்போதும் ஒரு வரியை எழுத்தில் வாங்குங்கள்: நேரில் பார்த்தபின் ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? அந்த வரியை எழுதித் தரத் தயங்கினால், ஆபரேஷன் நடந்தே ஆக வேண்டும் என்கிற அவசரம் அவர்களுக்குத்தான்.

கேள்வி: நிஸன், டூப்பே, காந்த வளையம், வாய் வழியாகத் தையல் என்று நான்கு வகையை விலைப்பட்டியலில் போட்டிருக்கிறார்கள். எது சிறந்தது?

பதில்: முதல் இரண்டும் ஒரே குடும்பம். இரைப்பையின் மேல்பகுதியை இழுத்து, உணவுக்குழாயின் அடியைச் சுற்றி மப்ளர் மாதிரி கட்டித் தைப்பது. ருடால்ஃப் நிஸன் 1956இல் வெளியிட்ட முறையில் முழுச் சுற்று, 360 டிகிரி. டூப்பே முறையில் பின்பக்கமாக 270 டிகிரி, முன்பக்கம் திறந்திருக்கும். 1991லிருந்து இதெல்லாம் லேப்ராஸ்கோபியில், சிறு துளைகள் வழியாகவே நடக்கிறது. அமிலத்தை அடக்குவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முழுச் சுற்றில் விழுங்கும் சிரமமும், ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்புவதும் கொஞ்சம் அதிகம். இந்த இரண்டில் எது என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அந்த நிபுணர் வாரா வாரம் எதைச் செய்கிறாரோ, அதுதான் அவர் கையில் நல்லது.

காந்த வளையம், அதாவது லிங்க்ஸ், உணவுக்குழாயின் அடியைச் சுற்றிப் போடும், காந்தம் பொதிந்த டைட்டேனியம் மணிகளால் கோத்த சிறு மாலை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2012இல் அனுமதித்தது. ஏப்பமும் வாந்தியும் பெரும்பாலும் தடைபடாது என்பது இதன் கவர்ச்சி. ஆனால் உடலுக்குள் ஒரு சாமான் நிரந்தரமாக உட்காருகிறது. எந்த மாடல் என்பதைப் பொறுத்து எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு வரம்பு உண்டு. அந்த வரம்பை மீறிய இயந்திரத்துக்குள் போகக் கூடாது. மாடல் எண் உள்ள அட்டை எப்போதும் பர்ஸில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியமான கேள்வி, நாளை எடுக்க வேண்டிவந்தால் உங்கள் ஊரில் எடுக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா? யாரும் இல்லையென்றால் நான் வாங்கமாட்டேன்.

வாய் வழியாகச் செய்வதற்கு வெளியே தழும்பு இருக்காது. உதரவிதானத்தின் துளை வழியாக இரைப்பை மேலே ஏறும் ஹெர்னியா இல்லாதவர்களுக்கு, அல்லது அது 2 சென்டிமீட்டருக்குள் இருப்பவர்களுக்குத்தான் அது. பெரிய ஹெர்னியாவோடு போனால் காசு வீண்.

'புத்தம் புதிய தொழில்நுட்பம்' என்ற சொல்லுக்கு இந்தத் துறையில் மயங்காதீர்கள். 1970களின் கடைசியில் வந்த ஏஞ்சல்சிக் என்றொரு சிலிக்கோன் வளையம் ஆயிரக்கணக்கானோருக்குப் பொருத்தப்பட்டது. பலருக்கு அது இடம் நகர்ந்தது, சிலருக்குச் சதையை அரித்து உள்ளே போனது. உணவுக்குழாயின் அடியில் ஊசியால் செலுத்தும் என்டெரிக்ஸ் என்ற பாலிமர் அமெரிக்காவில் 2003இல் அனுமதி பெற்று 2005இலேயே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

கேள்வி: '95 சதவீத வெற்றி, வாழ்நாள் முழுக்க மாத்திரைக்கு விடுதலை' என்கிறது விளம்பரம். நம்பலாமா?

பதில்: எத்தனையாவது வருடத்து 95 என்று கேளுங்கள். ஸ்வீடனில் ஆபரேஷன் செய்துகொண்ட 2,655 பேரைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான கணக்கில் 17.7 சதவீதம் பேருக்கு எதுக்களிப்பு திரும்பியது. அவர்களில் பெரும்பாலோர் மறுபடி மாத்திரைக்குப் போனார்கள். சிலர் மறு ஆபரேஷனுக்கு. ஐரோப்பாவில் நடந்த இன்னோர் ஒப்பீட்டில் 5 வருட முடிவில் ஆபரேஷன் தரப்பில் 85 சதவீதமும், மாத்திரைத் தரப்பில் 92 சதவீதமும் நன்றாக இருந்தார்கள். இரண்டுமே நல்ல எண்கள்தான். 'வாழ்நாள்' என்று அச்சடிக்கும் தைரியம் மட்டும் இந்த எண்களில் இல்லை.

பாரெட் மாற்றம், அதாவது அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உட்சுவர் மாறிப்போன நிலை, என்று உங்கள் அறிக்கையில் இருந்தால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் எண்டோஸ்கோபி கண்காணிப்பு தொடர வேண்டும்.

கேள்வி: மருத்துவமனைக்குச் சர்வதேசச் சான்றிதழ் இருக்கிறது. அது போதாதா?

பதில்: ஜேசிஐ (மருத்துவமனைகளைச் சோதித்துச் சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் இன்டர்நேஷனல் அமைப்பு) சான்றிதழைச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. படத்தைப் பார்த்து நம்பாமல் ஜேசிஐ தளத்திலேயே பெயரைத் தேடுங்கள். மருத்துவமனையின் நடைமுறைகள், தொற்றுத் தடுப்பு, மருந்துப் பாதுகாப்பு இவற்றுக்கு அது சாட்சி. கத்தி பிடிப்பவரின் கைக்குச் சாட்சி அல்ல.

அந்தக் கையைப் பற்றி நேரடியாகவே கேட்கலாம், தப்பில்லை. வருடத்துக்கு எத்தனை எதுக்களிப்பு ஆபரேஷன்? அதில் எத்தனை பேர் மறு ஆபரேஷனுக்கு வந்தார்கள்? நீங்களே செய்வீர்களா, உதவியாளரா? நல்ல நிபுணர் இதற்குக் கோபப்படமாட்டார். இடைத்தரகர் நிறுவனம் மூலமாகப் போகிறீர்கள் என்றால் அவர்களுக்குக் கமிஷன் தருவது மருத்துவமனையா, நீங்களா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விலைத்தாளில் சேராதவை வழக்கமாக இவைதான்: துளை வழியாக முடியாமல் வயிற்றைத் திறக்க நேர்ந்தால் ஆகும் செலவு, கூடுதல் ஐசியூ நாள், வலை வைத்து ஹெர்னியா தைப்பது, சுற்று இறுகிப்போனால் பலூன் விட்டு விரிப்பது, துணைக்கு வருபவரின் கூடுதல் தங்கல். சாதாரணப் பயணக் காப்பீடு திட்டமிட்ட ஆபரேஷனின் சிக்கலுக்குப் பொதுவாகப் பணம் தராது. அதற்கென்று தனிப் பாலிசி எடுக்க வேண்டும்.

கேள்வி: ஐந்தாம் நாள் விமானம் ஏறினால் என்ன?

பதில்: வயிறு, மார்பு ஆபரேஷனுக்குப் பின் குறைந்தது 10 நாள் பறக்காமல் இருக்கச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். துளை ஆபரேஷன் என்றால் அதற்கு முன்பே ஏற அனுமதிக்கும் விமான நிறுவனங்களும் உண்டு. 'அனுமதி' என்பதும் 'நல்லது' என்பதும் ஒன்றல்ல. இந்த ஆபரேஷனுக்கு 10 முதல் 14 நாள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டுக் கிளம்புங்கள் என்பேன்.

உயரத்தில் வயிற்றுக்குள் மிச்சமுள்ள காற்று விரியும். நீண்ட நேரம் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையலாம். இவை எல்லா வயிற்று ஆபரேஷனுக்கும் பொது. எதுக்களிப்பு ஆபரேஷனுக்கென்று ஒரு தனி எதிரி இருக்கிறது, அது வாந்தி. முதல் சில வாரங்களில் பலமாக ஓங்கரித்தால் தையல் பிரிந்து, கட்டிய சுற்று மார்புக்குள் ஏறிவிடலாம். பயணத்தில் குமட்டும் ஆள் என்றால் டிஸ்சார்ஜ் ஆகும்போதே அதற்கான மருந்தைக் கேட்டு வாங்குங்கள். முதலில் திரவம், பிறகு கூழ் பதம், வழக்கமான சாப்பாட்டுக்கு வர 4 முதல் 6 வாரம் என்பதால் விமானச் சாப்பாட்டை நம்பாமல் குடிப்பதற்கு எதையாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சோடா வகை வேண்டாம். அப்புறம் பெட்டி! ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுப்பார்கள். தலைக்கு மேலே பை வைக்கும் இடத்தில் எல்லாம் மறந்துபோகும். துணைக்கு ஒருவர் அவசியம், அல்லது சக்கர நாற்காலி உதவியை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் மார்பு வலி, மூச்சுத்திணறல், எச்சில்கூட இறங்காத நிலை, இவற்றில் எது வந்தாலும் டிக்கெட்டை மறந்துவிட்டு மருத்துவமனைக்குத் திரும்புங்கள்.

கேள்வி: என் எடை அதிகம். ஸ்லீவ் ஆபரேஷன் செய்தால் எடையும் குறையும், நெஞ்செரிச்சலும் போகும் என்கிறார் ஏஜென்ட்.

பதில்: ஏஜென்ட்டை மாற்றுங்கள். இரைப்பையைக் குழாய் போலக் குறுக்கும் ஸ்லீவ், எதுக்களிப்பைப் பலருக்கு மோசமாக்குகிறது. இல்லாதவர்களுக்குப் புதிதாக வரவழைப்பதும் உண்டு. எடையும் எதுக்களிப்பும் சேர்ந்து தொல்லை கொடுப்பவர்களுக்கு நிபுணர்கள் வழக்கமாகச் சொல்வது இரைப்பை பைபாஸ் முறை.

கேள்வி: நான்கு மாதம் முன்பு வெளிநாட்டில் செய்துகொண்டேன். இன்னும் விழுங்கச் சிரமம். மருத்துவமனையில் கேட்டால் 'நேரில் வாருங்கள்' என்கிறார்கள். உள்ளூர் மருத்துவரோ 'என்ன செய்தார்கள் என்று தெரியாமல் தொடமாட்டேன்' என்கிறார்.

பதில்: உள்ளூர் மருத்துவர் சொல்வது சரி. விழுங்கும் சிரமம் முதல் சில வாரங்களில் இயல்பு, பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தளர்ந்துவிடும். நான்கு மாதமாக நீடிப்பதைப் பார்த்தே ஆக வேண்டும். பேரியம் எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோபியும் இங்கேயே செய்துகொள்ளலாம், அதற்காகப் பறக்க வேண்டாம். சுற்று இறுக்கமாக இருந்தால் பலூன் விரிப்பே பலருக்குப் போதும். நழுவியிருந்தால் மறு ஆபரேஷன் பேச்சு வரலாம். மறு ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம், ஆகவே அதையே அடிக்கடி செய்கிறவரைத் தேட வேண்டும்.

இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அறுவைக் குறிப்பு முழுவதும், முன்பு எடுத்த மானோமெட்ரி வரைபடம், டிஸ்சார்ஜ் சுருக்கம், ஏதாவது பொருத்தியிருந்தால் அதன் மாடல் எண், வீடியோ பதிவு இருந்தால் அதுவும். இழப்பீட்டைப் பற்றி அந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம். எழுதினால் அது சட்டப் பிரிவுக்குப் போய் அங்கேயே தூங்கும். முதலில் ஆவணங்கள் கைக்கு வரட்டும். பிறகு நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்து, தகராறு எந்த நாட்டு நீதிமன்றத்தில் என்ற பிரிவைப் பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் நாடு என்றுதான் இருக்கும். அங்குள்ள மருத்துவக் கவுன்சில் வெளிநாட்டு நோயாளிகளின் புகாரை ஏற்கிறதா என்று விசாரியுங்கள். இடைத்தரகர் உங்கள் நாட்டிலேயே அலுவலகம் வைத்து உங்களிடம் பணம் வாங்கியிருந்தால் அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உள்ளூர் நுகர்வோர் அமைப்புகளில் வழக்குக்கு வழி இருந்தால் பிடிமானம் அந்த ரசீதுதான்.