கீமோ எடுக்கும் அப்பாவுக்கு மஞ்சள் கேப்ஸ்யூல், முள் சீத்தா இலைக் கஷாயம் கொடுக்கலாமா?

கேட்டிருப்பது இதுதான்: அப்பாவுக்கு 46 வயதில் பெருங்குடல் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்து கீமோ போய்க்கொண்டிருக்கிறது, சொந்தக்காரர்கள் மஞ்சள் கேப்ஸ்யூலும் முள் சீத்தா இலையும் வாங்கிக்கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள். அவருக்குக் கொடுக்கலாமா, தடுப்புக்காக மகனும் சாப்பிடலாமா?

நான் டாக்டர் இல்லை, தண்டையார்பேட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்ட். கீமோ முடிகிற வரைக்கும் இரண்டுமே வேண்டாம், டாக்டரே பார்த்துச் சரி என்றால் ஒழிய. குழம்பில் போடும் மஞ்சள், மிளகு ரசம் இதையெல்லாம் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அவர் வாய்க்குப் பிடித்தால் தாராளமாகக் கொடுங்கள்.

முதலில் முள் சீத்தா. "கீமோவைவிட 10,000 மடங்கு சக்தி" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அந்த எண் யாரும் கற்பனையில் எழுதியதல்ல. 1996இல் வந்த ஓர் ஆய்வில், அந்தப் பழத்தின் விதையிலிருந்து பிரித்த ஒரு பொருளை ஹெச்டி-29 என்ற பெருங்குடல் புற்றுசெல்கள் மேல் ஆய்வகத்தில் போட்டுப் பார்த்தார்கள், அட்ரியாமைசின் என்ற மருந்தைவிட 10,000 மடங்கு வீரியம் தெரிந்தது. இதில் கவனிக்க வேண்டியது, விதையிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்த பொருள் அது, நாம் கொதிக்க வைப்பதோ இலை. ஒப்பிட்ட அட்ரியாமைசினும் குடல் புற்றுக்கு வழக்கமாகக் கொடுக்கிற மருந்தே இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், கண்ணாடித் தட்டில் இருக்கிற செல்லுக்குக் கல்லீரல் கிடையாது, ரத்த ஓட்டம் கிடையாது, பக்கத்தில் காப்பாற்ற வேண்டிய நரம்பும் கிடையாது. அந்த நரம்புதான் எனக்குப் பெரிய கவலை. கரீபியனில் குவாதலூப் தீவில் பார்க்கின்சன் மாதிரியான நடுக்க நோய் வழக்கத்துக்கு மாறாக அதிகம் இருப்பதைப் பார்த்த மருத்துவர்கள், இந்தப் பழமும் இலைத் தேநீரும் அதிகம் எடுப்பதோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று 1999இலேயே எழுதினார்கள். இதிலுள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்பு செல்களைக் கொல்வது பிறகு ஆய்வகத்திலும் தெரிந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற அண்ணன் ஒருவர் நினைவுக்கு வருவார். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறிய நான்காவது நாள் அவராகவே கடைக்கு வந்தார், கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு. "ஐஸ் பொட்டில கைய வச்சா கரண்ட் அடிக்கிது தம்பி, ஜில்லு தண்ணி குட்ச்சா தொண்டய புட்ச்சி இறுக்குது, இன்னான்னே தெரில." அந்த மருந்தே அப்படித்தான், ஏறிய சில நாளுக்குக் குளிர்ச்சி பட்டாலே நரம்பு கூச்சலிடும், அதோடு விரல் மரத்துப் போவதும் ஒவ்வொரு தவணைக்கும் கூடிக்கொண்டே போகலாம். அவர் வீட்டு அக்கா அதற்குள் ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடையிலிருந்து இந்த இலையை வாங்கி வந்துவிட்டார், கெமிக்கல் சூட்டை இறக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே நரம்பைத் தொடுகிற மருந்து உள்ளே இருக்கும்போது, நரம்பைக் கெடுக்கும் என்று சந்தேகமுள்ள இலையை மேலே ஊற்றுவது சரியா? இலையை ஓரமாக வையுங்கள், முதலில் கீமோ வார்டுக்குப் போன் போடுங்கள் என்றேன். அவர்கள் அடுத்த தவணையில் அளவைக் குறைத்தார்கள், ஐஸைத் தொடவே வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

இப்போது மஞ்சள். இதில் ஆய்வாளர்களுக்கு ஆர்வம் வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. மஞ்சளிலுள்ள குர்குமின் ரத்தத்தில் சரியாக ஏறாது, பெரும்பகுதி குடலிலேயே தங்கி வெளியே போய்விடும், அப்படியானால் குடல் நோய்க்கு அது நேராகவே போய்ச் சேருகிறதே என்று நினைத்தார்கள். 2006இல் பரம்பரையாகக் குடலில் நூற்றுக்கணக்கில் கட்டி வரும் நோயுள்ள ஐந்து பேருக்குக் குர்குமினோடு வெங்காயத்தில் இருக்கிற குவர்செடினும் சேர்த்துக் கொடுத்தபோது கட்டிகள் குறைந்தன, எல்லோருக்கும் நம்பிக்கை. ஆனால் அவர்களே 2018இல் அதே நோயுள்ள 44 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு தினமும் 3,000 மில்லிகிராம் குர்குமினும் மறு பாதிக்கு வெறும் மாத்திரையும் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்ததில் வித்தியாசமே தெரியவில்லை. 100 கிராம் மஞ்சள் தூளில் குர்குமின் சுமாராக 3 கிராம்தான், அதாவது தினம் ஒரு பாக்கெட் மஞ்சளுக்குச் சமமானதைக் கொடுத்தும் அந்த முடிவு.

கேப்ஸ்யூல் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் பிப்பரின் என்று போட்டிருக்கும், மிளகுச் சத்து. 1998இல் பெங்களூரில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பரின் சேர்த்தபோது ரத்தத்தில் சேரும் அளவு 2,000 சதவீதம் கூடியது. கல்லீரலும் குடலும் மருந்தை வெளியேற்றுகிற வழியை அது மந்தமாக்குவதுதான் காரணம். மஞ்சள் வெளியேறுவதை மட்டும் தடுத்துவிட்டு மற்ற மருந்தை விட்டுவிடும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது, இரினோடெக்கான் போன்ற கீமோ மருந்து உடம்பிலிருந்து வெளியேறுவதும் அதே மாதிரி வழியில்தான். மிளகோடு வரும் மஞ்சள் கேப்ஸ்யூலால் கல்லீரல் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் பற்றியும் மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. கீமோ காலத்தில் கல்லீரல் கெட்டால் அடுத்த தவணை தள்ளிப்போகும், அது யாருக்கு நஷ்டம்?

செடி மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. இரினோடெக்கானே மரத்திலிருந்து வந்ததுதான். சீன மரம் ஒன்றிலிருந்து கேம்ப்டோதெசினை 1966இல் பிரித்தவர்கள் மன்ரோ வால், நம் நாட்டில் பிறந்த மன்சுக் வானி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற ஒரு மரத்திலும் அதே பொருள் உண்டு. முதலில் அதை நோயாளிக்குக் கொடுத்தபோது சிறுநீர்ப்பையில் ரத்தம் கசிந்து சோதனையை நிறுத்த வேண்டி வந்தது, அப்புறம் ஜப்பானில் மூலக்கூறை மாற்றி, அளவு பார்த்து, அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது வருடம் 1996. அந்த முப்பது வருட வேலை முள் சீத்தாவுக்கு இன்னும் நடக்கவில்லை.

நம்பிக்கை தருகிறவையும் இருக்கின்றன. மரமஞ்சளில் உள்ள பெர்பெரினை மாத்திரையாகக் கொடுத்த சீன ஆய்வில் (2020) எடுத்த கட்டி திரும்ப வருவது 47 சதவீதத்திலிருந்து 36 ஆனது, ஆனால் அது புற்றாக மாறாத கட்டி. ஆஸ்பிரின் இன்னும் ஒரு படி மேலே. ஆபரேஷன் ஆனவர்களில் பிஐகே3சிஏ மாதிரியான குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு தினம் 160 மில்லிகிராம் மூன்று வருடம் கொடுத்ததில் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியானது, 2025இல்தான் முடிவு வந்தது. அப்பாவின் கட்டியில் அந்தப் பரிசோதனை செய்திருக்கிறதா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். ரத்தக் கசிவு ஆபத்து இருப்பதால் கடையில் வாங்கி நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். அதேபோல கேபசிடாபின் என்ற கீமோ மாத்திரை எழுதியிருந்தால் சாப்பிட்டு அரை மணிக்குள் போட வேண்டும், "உடம்பு தேற" என்று ஃபோலிக் ஆசிட் உள்ள சத்து மாத்திரையைக் கேட்காமல் சேர்த்துவிடாதீர்கள், பக்கவிளைவு ஏறிவிடும்.

உங்களுக்குத் தடுப்பு என்று கேட்டீர்கள். கேப்ஸ்யூல் காசைக் கொலனோஸ்கோபிக்கு, அதாவது குழாய் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனைக்கு, எடுத்து வையுங்கள். பெற்றோருக்கு இந்த நோய் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், இதில் எது முதலோ அப்போது பார்க்க வேண்டும், உங்கள் கணக்கில் அது 36. கட்டி இருந்தால் புற்றாவதற்கு முன்பே அங்கேயே எடுத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் மலத்தில் ரத்தம் பார்த்தால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டி எங்கள் கடைக்குக் களிம்பு கேட்டு வராமல், 36 வரை காத்திருக்காமல், குடல் டாக்டரைப் பாருங்கள். அக்கா தம்பி இருந்தால் அவர்களுக்கும் இதையே சொல்லுங்கள்.