கிளார்க் அண்ணாச்சி பதில்கள்

வாசகர், பாளையங்கோட்டை: சிங்கப்பூரில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன் அண்ணாச்சி. அங்கே ரோட்டில் ஒரு காகிதம் கிடக்காது. இங்கே ஜங்ஷனில் இறங்கியதுமே மூக்கைப் பொத்த வேண்டியிருக்கிறது. நம் ஜனங்களுக்குப் பொறுப்பே கிடையாதா?

வந்த முதல் வாரம் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும். இரண்டாவது வாரம் நாமும் பஸ் ஜன்னல் வழியாகப் பழத்தொலியை எறிவோம். சிங்கப்பூர்க்காரர்களும் பிறவியிலேயே அப்படி இல்லை. ஊரைச் சுத்தமாக வைக்கச் சொல்லி 1968ல் அவர்கள் அரசு பெரிய பிரசாரம் தொடங்கியது, கூடவே அபராதமும் போட்டது. உங்கள் மகன் எழுந்திருக்கும் முன்னால் பெருக்கிவிட்டுப் போகிற ஆட்களும் அங்கே உண்டு.

ஆனால் பொறுப்பே கிடையாது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனி மாதம் நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு வந்து பாருங்கள். முன்னால் வடம் பிடிக்கிற கூட்டம், பின்னால் சக்கரத்துக்கு அடியில் தடி கொடுத்து நெம்புகிற ஆட்கள். தடி போடுகிறவன் கொஞ்சம் பிசகினால் கால் போய்விடும். 2024ல் வடம் திரும்பத் திரும்ப அறுந்தது. அப்போதும் தேரை நடுவீதியில் விட்டுவிட்டு ஊர் படுக்கப் போகவில்லை. வேறு வடம் கட்டி இழுத்து நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் கலைந்தது. அதே ரதவீதியைத் தேருக்கு மறுநாள் காலையில் பாருங்கள். தண்ணீர் பாக்கெட்டும் சாப்பிட்ட தட்டும் காலை இடறும். இழுத்தவன்தான் எறிந்தவனும். தேர் அவனுடையது, ரோடு கார்ப்பரேஷனுடையது.

குளமும் ஒரு காலத்தில் தேர் மாதிரிதான் இருந்தது. மழைக்கு முன்னால் ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்து கரையை உயர்த்தி, வாய்க்காலைத் தூர் எடுப்பார்கள். குடிமராமத்து என்று பெயர். 1858ல் வெள்ளைக்காரன் அதையே சட்டமாக்கி, வேலைக்கு வராதவனிடம் பணம் வசூலிக்கவும் வழி வைத்தான். அப்புறம் பெரிய குளமெல்லாம் பொதுப்பணித்துறை கணக்குக்குப் போனது. இன்றைக்கு மடையில் நாலு குப்பை அடைத்தால்கூட, ‘பி.டபிள்யூ.டி.காரன் வரட்டும்’ என்று கரையில் நின்று பார்க்கிறோம். (பழசை ரொம்பவும் புகழ வேண்டாம். அந்தக் குடிமராமத்தில் சேற்றில் இறங்கியது யார், கரையில் குடை பிடித்து நின்றது யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.)

நான் கிளார்க்காக இருந்த ஊரில் கீழத்தெருவில் ஒரு பொதுக்குழாய். வருஷத்துக்கு மூன்று தடவை அதன் திருகு காணாமல் போகும். ஊராட்சிப் பணத்தில் வாங்கி வாங்கி, வவுச்சர் எழுத எனக்கே வெட்கமாக இருந்தது. நாலாவது தடவை கையை விரித்துவிட்டேன். தெருப் பெண்கள் வீட்டுக்கு 5 ரூபாய் போட்டு, டவுனுக்கு ஆள் அனுப்பி, பித்தளைத் திருகு வாங்கி மாட்டினார்கள். நான் மாற்றலாகிப் போகும்வரை அதை ஒருத்தன் தொடவில்லை. என்ன, அதற்கு ஒரு கூண்டு செய்து பூட்டும் போட்டுவிட்டார்கள். சாவி யார் வீட்டில் இருப்பது என்று ஆறு மாதம் சண்டை. அதைத் தீர்க்க நடந்த நடையில், திருகு களவு போன காலமே தேவலை என்று நினைத்ததுண்டு.

பத்தாம் வகுப்பு மாணவி, களக்காடு: சமூக அறிவியலில் குடிமையியலைக் கடைசியில் அவசர அவசரமாக நடத்துகிறார்கள். பரீட்சையைத் தவிர அதனால் என்ன பிரயோஜனம் தாத்தா?

தாத்தா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். அக்டோபர் 2 அன்று பக்கத்து ஊராட்சி எதிலாவது கிராம சபை நடக்கும். அப்பாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போ. 1994ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டப்படி நடக்கிற கூட்டம் அது. முன்பு வருஷத்துக்கு நாலு. இப்போது மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு. உனக்கு ஓட்டு இல்லாததால் தீர்மானத்துக்குக் கை தூக்க முடியாது, உட்கார்ந்து கேட்கலாம். வரவு செலவு வாசிக்கும்போது, தெருவிளக்கு எத்தனை மாற்றினோம் என்கிறார்களோ அதைக் குறித்துக்கொள். சாயந்தரம் தெருவில் நடந்து எண்ணிப் பார்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊராட்சி அளவுக்குக் கூட்டத்தில் 100 பேர் இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆள் கணக்கு. வருவது இருபது, இருபத்தைந்து. மீதிக் கையெழுத்துக்கு நான்தான் புத்தகத்தை சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு டீக்கடை, பம்புசெட், பீடி சுற்றுகிற வீடு என்று போவேன். ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு அக்கா, மடியில் பீடி சுற்றுகிற சுளவு (முறம்). தலையைத் தூக்காமலே, “இதுல என்னவே எழுதியிருக்கு?” என்றாள். “சும்மா கையெழுத்துதான்க்கா” என்றேன். கையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டு, “அப்ப வாசிச்சுக் காட்டும்” என்றாள். வாசித்தேன். முடிந்த வேலைகள் என்ற தலைப்பில் அவள் தெருச் சாக்கடையும் வந்தது. வாசித்துக்கொண்டே நான் நின்றதோ, அந்தச் சாக்கடை வர வேண்டிய வெறும் மண்ணில். கையெழுத்துப் போடவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவளும் அவள் கூடச் சுற்றுகிற ஏழெட்டுப் பெண்களும் சுளவோடு வந்து முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். தலைவரிடம் எனக்கு விழுந்த வசவு தனி. அந்த அக்கா படித்தது ஐந்தாம் வகுப்பு.

வாசகி, விக்கிரமசிங்கபுரம்: பாபநாசத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியைத் தாமிரபரணி ஆற்றோடு விட்டால் தோஷம் போகும் என்கிறார்களே?

போகும் தாயி. நேரே அம்பாசமுத்திரத்துக்குப் போகும். அங்கிருந்து சேரன்மகாதேவி, அப்புறம் திருநெல்வேலி. பாலியஸ்டர் மக்காது. அங்கே முங்குகிறவன் காலில் சுற்றும், இல்லையென்றால் கல்லில் மாட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் ஆடும். தூத்துக்குடிக்காரர் வரை குடிக்கிற தண்ணீர் இது. துவைத்துக் காயப்போட்டு, உடுத்தத் துணி இல்லாத ஒருவருக்குக் கொடுத்தால் எந்தக் கிரகமும் கோபிக்காது.

ஆசிரியை, திருநெல்வேலி: பையன்கள் கையில் சாதிக்கு ஒரு கலர் கயிறு. அவிழ்க்கச் சொன்னால் மறுநாள் திரும்பக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். என்ன செய்ய?

நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சாதி வெறியில் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறு கூடாது என்று சொல்லியிருக்கிறது. கயிற்றை நீங்கள் அவிழ்க்கலாம் டீச்சர், முடிச்சு வீட்டில் அல்லவா போடுகிறார்கள். நம் பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் ‘தீண்டாமை ஒரு பாவச்செயல்’ என்று தொடங்கி மூன்று வரி இருக்குமே, பேரன் புத்தகத்தில் அதைப் புரட்டிப் பார்த்தேன். மற்ற பக்கமெல்லாம் மையும் எண்ணெயும். அந்தப் பக்கம் மட்டும் கடையில் வாங்கியபடி பளபளவென்று இருந்தது. முதலில் பெஞ்சைக் கலையுங்கள். பெயர் வரிசைப்படி உட்காரவையுங்கள். பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். தலைமையாசிரியர் உங்கள் பக்கம் நிற்பாரா என்பதை மட்டும் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகர், வள்ளியூர்: எங்கள் தெரு ரோடு ஏன் ஆறே மாதத்தில் பெயர்ந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். பதிலே இல்லை.

‘ஏன்’ என்று கேட்டால் பதில் வராது தம்பி. 2005ஆம் வருஷச் சட்டம் கையில் இருக்கிற காகிதத்தைத்தான் கொடுக்கச் சொல்கிறது, காரணம் யோசித்துச் சொல்லச் சொல்லவில்லை. அதனால் காகிதத்தைக் கேளுங்கள். அந்த ரோட்டு வேலையின் மதிப்பீடு, எம்.புக் நகல், ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த பில் நகல். எம்.புக் என்பது அளவுப் புத்தகம். எத்தனை சென்டிமீட்டர் கனத்துக்கு ஜல்லி போட்டதாகப் பணம் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். அப்புறம் ஒரு கடப்பாரையும் ஸ்கேலும் போதும். மனுவில் 10 ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்து மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை. பதிவுத் தபாலில் போட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ரசீது இல்லாத மனுவை நாங்கள் எப்படித் தொலைப்போம் என்று எனக்குத் தெரியும்.

வாசகர், ராதாபுரம்: ஓட்டுக்குக் காசு வாங்குவது தப்பா அண்ணாச்சி?

கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. இதைத்தான் எங்கள் தெரு ஆச்சி ஒருத்தியிடம் சொன்னேன். “அஞ்சு வருசமா ஒருத்தனும் எட்டிப் பாக்கல. ஒரு நாளு வாரான், அதுவும் காசோட வாரான். வேண்டாம்னு சொன்னா அவன் அந்த ஒரு நாளும் வரமாட்டாம்லா?” என்றாள். எனக்குப் பதில் ஓடவில்லை. அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.