புதினாவின் மணம் மாறுமா?

கேள்வி: சந்தையில் வாங்கிய புதினாக் கட்டிலிருந்து சில தண்டுகளை எடுத்து, தொடர்மாடி வீட்டின் பல்கனியில் வளர்த்து வருகிறேன். அண்மையில் பெப்பர்மின்ட் என்று சொல்லி விற்கப்பட்ட செடியொன்றையும் வாங்கினேன். இரண்டையும் அருகருகே வைத்தால் மணம் கலந்து கெட்டுவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். உண்மையா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கெட்டுவிடாது. இலையின் மணம் அந்தச் செடியின் மரபாலும், அதற்குக் கிடைக்கும் வெயில், நீர், பகல்நேரத்தின் நீளம் ஆகியவற்றாலும் அமைகிறதேயன்றி, பக்கத்துச் சாடியிலுள்ள செடியால் மாறுவதில்லை. ஆனால் இரண்டையும் ஒரே சாடியில் நட்டுவிடாதீர்கள். மண்ணுக்கடியில் ஓடும் தண்டுகள் ஒன்றோடொன்று பின்னி, வலிய செடி மற்றதை நெருக்கி அழித்துவிடும். மணம் மாறிவிட்டதாகப் பலர் எண்ணுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

சம்பலுக்கும் புரியாணிக்கும் நாம் வாங்கும் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் வகையாகும். அதன் இனிய மணத்துக்குக் காரணம் கார்வோன் என்னும் பொருள். பெப்பர்மின்ட், ஸ்பியர்மின்டும் நீர்ப்புதினாவும் கலந்து உருவான கலப்பினம். அதில் மேலோங்கி நிற்பது மென்தோல் (menthol) என்னும் பொருள். ஸ்பியர்மின்டின் இலைகள் ஏறத்தாழக் காம்பின்றித் தண்டோடு ஒட்டியிருக்கும். பெப்பர்மின்டின் இலைகளில் காம்பு தெளிவாகத் தெரியும். இலையொன்றை மென்றபின் வாயால் மூச்சை உள்ளிழுத்துப் பாருங்கள். நாக்கு சில்லிட்டால் மென்தோல் மிகுதி என்று கொள்ளலாம். குளிரை உணரும் நரம்புகளை அது தூண்டுகிறதே தவிர, வாயின் வெப்பம் உண்மையில் குறைவதில்லை. ஆயினும் நீண்ட கோடைப் பகல்களில்தான் பெப்பர்மின்ட் நன்கு பூத்து மென்தோலைப் பெருக்கும் என்பதால், ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணித்தியாலமாகவே இருக்கும் கொழும்பில், ஐரோப்பியச் செடியின் காரத்தை எதிர்பார்ப்பது வீண்.

பெப்பர்மின்ட் விதை என்று விற்கும் பொட்டலங்களுக்குக் காசைச் செலவிட வேண்டாம். அந்தக் கலப்பினம் மலடு என்பதால், தண்டிலிருந்தே அதைப் பெருக்க வேண்டும். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, நீரில் நிறுத்தி, வேர் விட்டதும் அகலமான சாடியில் நடுங்கள். மதிய வெயிலை மறையுங்கள். மழைநீர் தேங்க விடாதீர்கள். இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் தெரிந்தால் அது துரு நோய். அத்தண்டுகளை உடனே வெட்டி அகற்றுங்கள்.

கேள்வி: கற்பூரவள்ளியும் புதினா வகையா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அல்ல. துளசியைப் போல அதுவும் புதினாவின் குடும்பத்தைச் சேர்ந்தது; ஆனால் பேரினம் வேறு. அதன் தடித்த, மென்மயிர் படர்ந்த இலையில் வீசுவது ஓமத்தை நினைவூட்டும் மணமாகும்.