வாட்டர்ஃபாலா, ஸ்க்ரமா, கான்பனா: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: வாட்டர்ஃபால் முறைக்கு இன்னும் வேலை இருக்கிறதா? கல்லூரியில் அதைத்தான் முதலில் சொல்லித் தருகிறார்கள்.

இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. தேவை, வடிவமைப்பு, கோட், டெஸ்ட் என்று மென்பொருளின் ஒவ்வொரு கட்டத்தையும் முடித்த பிறகே அடுத்ததுக்கு இறங்குவதுதான் வாட்டர்ஃபால். எந்த முறையை எடுப்பது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: செய்தது தப்பு என்றால் அது எப்போது தெரியவரும்? தெரிந்த பிறகு மாற்ற எவ்வளவு செலவாகும்? தேவை முழுக்கத் தெரிந்திருக்கிறது, பின்னால் மாற்றுவது பெரிய செலவு என்றால் முன்கூட்டியே விரிவாகத் திட்டமிடுவது நல்லது. ஏற்கெனவே ஓடும் ஒரு சிஸ்டத்தை அதே விதிகளோடு வேறு தளத்துக்கு மாற்றுவது அப்படிப்பட்ட வேலை.

வாட்டர்ஃபால் என்று காட்டப்படும், படிப்படியாக இறங்கும் அந்தப் படத்தை 1970இல் மென்பொருள் வல்லுநர் வின்ஸ்டன் ராய்ஸ் தன் கட்டுரையில் வரைந்தார். அதை அப்படியே செயல்படுத்துவது ஆபத்து என்றும் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். கடைசியில் டெஸ்ட் செய்யும்போதுதான் வேகம், நினைவக அளவு போன்ற சிக்கல்கள் முதல்முறையாகக் கண்ணில் படும். அப்போது வடிவமைப்பையே மாற்ற வேண்டிவரும் என்பது அவர் சொன்ன காரணம். அதற்காக முன்மாதிரி ஒன்றைச் செய்து பார்க்கவும் சொன்னார். பாடத்தில் படம் மட்டும் தங்கிவிட்டது, எச்சரிக்கை வந்து சேரவில்லை. அதைத் தேடிப் படியுங்கள்.

கேள்வி: கிளையண்ட் தொகை, தேதி, அம்சங்களின் பட்டியல் மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார். மேனேஜர் ஸ்க்ரம் என்கிறார். சரிவருமா?

மூன்றும் அசையாது என்றால் அது ஸ்க்ரம் ஆகாது. வாட்டர்ஃபாலை இரண்டு இரண்டு வாரமாக வெட்டி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு ஸ்பிரிண்ட் (குறுகிய வேலைச் சுற்று) முடிவிலும் ஓடும் மென்பொருளைக் காட்டி, பார்த்தவர் சொல்வதை வைத்து அடுத்ததைத் தீர்மானிப்பதுதான் ஸ்க்ரமின் உயிர். எதையும் மாற்ற முடியாது என்றால் காட்டி என்ன பயன்?

ஒப்பந்தத்தில் ஒரு விதி சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கிளையண்ட் புதிதாக ஒன்றைக் கேட்கலாம். அதற்குப் பதிலாக, இன்னும் கைவைக்காத, அதே அளவு வேலையுள்ள ஒன்றை எடுத்துவிட வேண்டும். தொகையும் தேதியும் நிற்கும், பட்டியல் மட்டும் அசையும். இதற்குப் பல கிளையண்ட்கள் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் ஓடும் திரையைப் பார்த்த பிறகு பட்டியலை மாற்ற ஆசைப்படுவது அவர்கள்தான். ஒத்துக்கொள்ளவில்லையா? வாட்டர்ஃபால் என்றே ஒப்புக்கொண்டு, தேவைகளை எழுதுவதில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். அப்போதும் இடையிடையே ஓடும் வடிவத்தைக் காட்டுவதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்களுடையது சப்போர்ட் டீம். திங்கட்கிழமை போடும் ஸ்பிரிண்ட் திட்டம் புதன்கிழமைக்குள் சிதறிவிடுகிறது.

ஸ்பிரிண்டை விடுங்கள். வேலை எப்போது வரும் என்று தெரியாத இடத்துக்குக் கான்பன்தான் பொருத்தம். ஒவ்வொரு வேலையையும் ஒரு கார்டாக்கி, போர்டில் கட்டம் கட்டமாக நகர்த்தும் முறை அது, டொயோட்டா தொழிற்சாலைகளில் பிறந்தது. போர்டில் கார்டு ஒட்டினால் கான்பன் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே நேரத்தில் எத்தனை வேலை திறந்திருக்கலாம் என்ற வரம்புதான் அதன் முக்கியமான பகுதி.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். டீம் வாரத்துக்கு 5 வேலை முடிக்கிறது, 20 வேலை திறந்து கிடக்கிறது. ஒரு வேலை உள்ளே வந்து வெளியேறச் சராசரியாக 4 வாரம். அதே வேகத்தில் திறந்தவை 10 என்றால் 2 வாரம். இதற்கு லிட்டில் விதி என்று பெயர்.

போர்டில் இது எப்படித் தெரியும்? டெஸ்டிங் நெடுவரிசையில் 3 கார்டுதான் வரம்பு, மூன்றும் நிரம்பியிருக்கிறது. கோட் எழுதி முடித்தவர் நான்காவதைத் தள்ள முடியாது, முடித்த கார்டு அவர் நெடுவரிசையிலேயே இடத்தை அடைத்திருப்பதால் புதிதாக ஒன்றைத் தொடங்கவும் முடியாது. எழுந்துபோய் டெஸ்டருக்கு உதவ வேண்டும். முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் நெரிசல் எங்கே என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: மருத்துவக் கருவிக்கான மென்பொருள் செய்கிறோம். அஜைல் (ஸ்க்ரம் போலச் சிறு சுற்றுகளாகச் செய்யும் முறைகள்) கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே?

அந்தத் துறையில் எல்லோரும் பின்பற்றும் ஐஇசி 62304 தரநிலை எந்த முறையையும் கட்டாயமாக்கவில்லை. ஒவ்வொரு தேவையும் எந்த டெஸ்டில் சரிபார்க்கப்பட்டது, எந்த ஆபத்து எப்படிக் குறைக்கப்பட்டது என்ற பதிவுகளைத்தான் கேட்கிறது. சிறு சிறு சுற்றுகளாகவும் செய்யலாம், அந்தந்தச் சுற்றிலேயே ஆவணத்தையும் முடித்துவிட்டால் போதும். கடைசியில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஸ்டாண்ட்-அப் (டீமின் தினசரிச் சிறு கூட்டம்) தினமும் முக்கால் மணி நேரம் இழுக்கிறது.

15 நிமிடத்தில் நிறுத்துங்கள், ஸ்க்ரமின் விதிகளைச் சொல்லும் கையேடான ஸ்க்ரம் கைடு சொல்லும் வரம்பும் அதுதான். விவாதம் வந்தால் சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் அப்புறம் பேசட்டும்.

கேள்வி: தனியாக ஒரு செயலி எழுதுகிறேன். எந்த முறை?

கூட்டங்கள் எதுவும் தேவையில்லை. எதில் தோற்க வாய்ப்பு அதிகமோ அதை முதலில் செய்யுங்கள். 1980களில் மென்பொருள் வல்லுநர் பாரி போம் முன்வைத்த ஸ்பைரல் முறையின் சாரமும் அதுவே. பணம் செலுத்தும் பகுதி ஓடுமா என்ற சந்தேகம் இருக்கும்போது லாகின் திரைக்கு வண்ணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

கேள்வி: ஸ்க்ரம் தொடங்கியபோது வேகமாகப் போனது. இப்போது ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் பழைய பகுதிகள் உடைகின்றன.

தானியங்கி டெஸ்ட்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். வேலையை எப்படிப் பங்கிட்டுப் பார்வையிடுவது என்று ஸ்க்ரம் சொல்லும். கோட் எப்படி எழுதுவது என்று சொல்லாது. அந்த இடத்தை நிரப்புவது, 1990களில் மென்பொருள் வல்லுநர் கென்ட் பெக் உருவாக்கிய எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்: டெஸ்டை முதலில் எழுதுவது, இருவர் சேர்ந்து கோட் எழுதுவது, எல்லோரும் எழுதியதை அடிக்கடி ஒன்றிணைப்பது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோட் மாற்றுகிறவர்களுக்கு, ஏதாவது உடைந்தால் அன்றே தெரிந்தாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக டெஸ்ட் எழுதக் கிளம்ப வேண்டாம், நடுவில் சோர்ந்துவிடுவீர்கள். இனி எந்த பக் (பிழை) வந்தாலும், அதைப் பிடிக்கும் டெஸ்டை முதலில் எழுதிவிட்டுச் சரிசெய்யுங்கள். அடிக்கடி உடையும் பகுதிகளுக்குத்தான் முதலில் டெஸ்ட் சேரும். அந்த நேரத்தையும் ஸ்பிரிண்ட் மதிப்பீட்டிலேயே சேர்த்துச் சொல்லுங்கள், தனி வேலையாக பேக்லாகில் (செய்ய வேண்டியவற்றின் பட்டியலில்) போட்டால் அது மேலே வரவே வராது.