எல்லா ஊரிலும் ஒரே சிவப்பு கிரேவி

வணக்கம் அண்ணா,

தணிக்கை நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வருஷத்தில் பாதி நாள் வெளியூர்தான். புனே, புவனேஸ்வர், லக்னோ, குவாஹாட்டி எல்லாம் சுற்றியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் எங்கே போனாலும் ஒரே சாப்பாடு. வெங்காயம் தக்காளி வதக்கி அரைத்த அதே சிவப்பு கிரேவி. பனீரைப் போட்டால் ஒரு பெயர், கோழியைப் போட்டால் இன்னொரு பெயர். ஊருக்கு ஊர் மாறும் சுவை என்பதெல்லாம் சுற்றுலாத் துறை போஸ்டரில் மட்டும்தானா? வடக்கே கோதுமை, தெற்கே அரிசி, காரம் கொஞ்சம் கூடும், குறையும். இதைத் தாண்டி உண்மையில் ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா?

பின்குறிப்பு: புனேயில் கூட வேலை பார்ப்பவர் ஒரு பொட்டலம் கோகம் கொடுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அறையில் கிடக்கிறது.

ர., சென்னை

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் சாப்பிட்டது அந்தந்த ஊர்ச் சாப்பாடு இல்லை, ஓட்டல் சாப்பாடு. காலையில் ஒரு அண்டா கிரேவி தயார் பண்ணி வைத்தால் ராத்திரி வரை எதை வேண்டுமானாலும் அதில் போட்டுக் கொடுக்கலாம். வியாபாரத்துக்கு அது சௌகரியம், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை வைத்து ஒடிசாவையோ அசாமையோ எடை போட முடியாது.

முதலில் அந்த வடக்கு தெற்குக் கணக்கை விட்டுவிடுவோம். காஷ்மீரியின் தட்டில் சோறுதான். வங்காளி, ஒடியா, அசாமியர் எல்லோரும் சோறு தின்கிறவர்கள்தான். வட கர்நாடகத்தில் சோள ரொட்டி, நம் கொங்குப் பக்கம் இரண்டு தலைமுறைக்கு முன்னால் கம்பும் சோளமும். காரமும் நல்ல அளவுகோல் இல்லை. மிளகாய் போர்த்துகீசியரோடு வந்து சுமார் ஐந்நூறு வருஷம்தான் ஆகிறது, காயவைத்து மூட்டை கட்டினால் எந்த ஊருக்கும் போய்விடும், எந்த மண்ணிலும் முளைக்கும். புளிப்பு அப்படி இல்லை. பக்கத்தில் எந்த மரம் காய்க்கிறது, அது காய்க்கிற மாதத்தில் வெயிலா மழையா என்பதைப் பொறுத்துத்தான் ஒரு ஊரின் புளிப்பு அமைகிறது. இந்த நாட்டுக்குச் சாப்பாட்டு வரைபடம் போடுவதென்றால் புளிப்பை வைத்துத்தான் போட வேண்டும் என்பது என் கட்சி.

உங்கள் அறையில் கிடக்கும் பொட்டலத்தில் இருந்தே தொடங்கலாம். கோகம் கொங்கணக் கரையில், அதாவது கோவா, ரத்னகிரி, சிந்துதுர்க் பக்கம் விளையும் பழம். ஏப்ரல், மே மாதத்தில் பழுக்கும். மழை இறங்க இன்னும் சில வாரம் இருக்கும், வெயில் கொளுத்தும். தோலை உரித்து, பழத்தின் சாற்றிலேயே உப்புப் போட்டு முக்கி, காயவைத்து, மறுபடி முக்கி, மறுபடி காயவைப்பார்கள். அதனால்தான் அது கருஞ்சிவப்பாக, லேசாகப் பிசுபிசுத்துக்கொண்டு இருக்கிறது. அதே கரையில் தெற்கே கேரளத்துக்கு வந்தால் அதன் பங்காளி குடம்புளி. குட்டிப் பூசணி மாதிரி வரி வரியாக, மஞ்சளாகப் பழுக்கும். ஆனால் இது பழுத்து விழுகிற காலம் ஆனி, ஆடி. அந்த மழையில் எதை வெயிலில் காயவைப்பது? கொட்டையை எடுத்துவிட்டு அடுப்புக்கு மேலே பரணில் போட்டுப் புகையிலேயே வாட்டினார்கள். குடம்புளி கரிபோல இருப்பதற்கும் அந்த மீன்குழம்பில் ஒரு புகை வாசம் இருப்பதற்கும் காரணம் தென்மேற்குப் பருவமழை, வேறொன்றும் இல்லை. இதே குடம்புளி மரம் குடகு மலையிலும் இருக்கிறது. அங்கே சதையை விட்டுவிட்டார்கள். பழத்தைக் குவித்து வைத்து, வடிகிற சாற்றைப் பிடித்து, கருப்பாகக் கெட்டியாகும் வரை காய்ச்சினால் கச்சம்புளி. பன்றிக்கறி இறக்கும் நேரத்தில் கொஞ்சம் விட்டால் கொழுப்பின் திகட்டல் அடங்கிவிடும். ஒரே மலைத்தொடர், இரண்டே வகை மரம், மூன்று விதமான புளிப்பு. இதற்கு நடுவே எத்தனை மாநில எல்லை போகிறது என்பதை மரம் கண்டுகொள்ளவில்லை.

நம் பக்கமும் அப்படித்தான். விளவங்கோடு தாலுகாவில் மீன்குழம்புக்குக் குடம்புளி சாதாரணம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி காற்றாலைகள் நிற்கிற வறண்ட பக்கம் வந்தால் புளியமரம்தான். புளி ஆப்பிரிக்காவில் இருந்து வந்தது என்கிறார்கள் தாவரவியல்காரர்கள், ஆனால் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டதால் யாரும் அதை வெளியூர் மரமாக நினைப்பதில்லை. மழை பொய்த்தாலும் நிற்கும், சாலையோரம் நட்டால் நிழலும் தரும், காயை ஏலம் விட்டால் அரசுக்குக் காசும் வரும். மாசி, பங்குனியில் உலுக்கி, ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை தட்டி, உப்புத் தூவிப் பானையில் அமுக்கி வைத்தால் வருஷத்துக்கும் வரும். இந்த நேரம் முக்கியம். தெலுங்கர்களின் உகாதிப் பச்சடியில் வேப்பம்பூ, மாங்காய், வெல்லத்தோடு புதுப்புளி சேர்வது அப்போதுதான் அது கைக்கு வருகிறது என்பதால். பண்டிகைப் பலகாரத்துக்குத் தத்துவ விளக்கம் ஆயிரம் சொல்வார்கள். நான் முதலில் அந்த மாதம் தோட்டத்தில் என்ன கிடைத்தது என்றுதான் பார்ப்பேன்.

லக்னோ பக்கம் ஆம்சூர். சித்திரை, வைகாசியில் புழுதிக்காற்று அடிக்கும்போது மாங்காய் பிஞ்சும் காயுமாக உதிர்ந்து விழும். தோல் சீவி, வகுந்து, அந்த அனல்காற்றிலேயே காயவைத்து இடித்தால் தூள். ஈரக்காற்று அடிக்கிற கேரளக் கரையில் அதே மாங்காயை அப்படிக் காயவைத்துப் பாருங்கள், பூசணம்தான் மிஞ்சும். இமயமலை அடிவாரத்தில் காட்டு மாதுளையின் முத்துகளைக் காயவைக்கிறார்கள். ராஜஸ்தானில் புளித்த பழத்துக்கு எங்கே போவது? அங்கே ஆடும் மாடும்தான் சொத்து, அதனால் மோர். கடலைமாவு கரைத்தால் கடி, கம்பு மாவு கரைத்துக் காய்ச்சினால் ராப். நம் ஊரில் கம்பங்கூழில் மோர் விட்டுக் குடித்தவர்களுக்கு அது அந்நியமாக இருக்காது. மழை பெய்த பிறகு வயலில் தானாகப் படரும் கச்ரி என்ற சின்ன வெள்ளரி இனத்தையும் காயவைத்துப் பொடித்து வைத்துக்கொள்வார்கள், புளிப்புக்கும் ஆச்சு, கறியை மிருதுவாக்கவும் ஆச்சு.

கிழக்கே போனால் இன்னும் சுவாரசியம். வங்காளத்தில் சரஸ்வதி பூஜை முடியும் வரை மாணவர்கள் இலந்தைப்பழம் தின்னக்கூடாது. தின்றால் பரீட்சையில் கோட்டை விடுவார்கள் என்று ஒரு பயமுறுத்தல். பூஜை வருவது தை, மாசியில், பழம் பழுப்பதும் அப்போதுதான். காயாக இருக்கும்போதே பிள்ளைகள் மரத்தை மொட்டையடிக்காமல் இருக்க இதைவிட நல்ல காவல் கிடையாது. அசாமியர் சாப்பாடு வாழைத்தோல் சாம்பலை நீரில் வடித்த காரநீரில் (மிளகாய்க் காரம் இல்லை, சாம்பலின் காரம்) சமைத்த 'கார்' என்ற பண்டத்தில் தொடங்கி, தெங்கா என்ற புளிப்புக் குழம்பில் முடியும். மீன் தெங்காவில் தக்காளியும் போடுவார்கள், எலுமிச்சையும் பிழிவார்கள். ஆனால் ஊ தெங்கா போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். யானைகள் விரும்பித் தின்னும் காய் அது. மூடியிருக்கும் மட்டை மட்டையான தடித்த இதழ்களைப் பிரித்து, நறுக்கி, லேசாக நசுக்கிப் போடுவார்கள். எண்ணெய் குறைவு, மசாலா கிட்டத்தட்ட இல்லை. குவாஹாட்டியில் அடுத்த முறை கம்பெனி கேன்டீனை விட்டு வெளியே வந்து இதைக் கேளுங்கள்.

ஒடிசாவின் மயூர்பஞ்சில் செவ்வெறும்பை முட்டையோடு அரைத்துத் துவையல் செய்கிறார்கள். எறும்பின் அமிலம்தான் அங்கே புளிப்பு. சத்தீஸ்கரின் பஸ்தரிலும் இது உண்டு. மயூர்பஞ்ச் துவையலுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவரை 'எறும்பு தின்கிறவர்கள்' என்று இளப்பமாகப் பேசிய அதே நகரத்து ஆட்கள் இப்போது அங்கே போய் ரீல்ஸ் எடுக்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் அந்தக் காட்டைப் பற்றிய பேச்சு இல்லை.

சரி, தக்காளிக்கு வருகிறேன். தென்னமெரிக்கப் பக்கத்துச் செடி, மிளகாய்க்கும் பிந்தித்தான் நம் அடுப்படிக்குள் வந்தது. சிராத்தச் சமையலில் இன்றும் அதைச் சேர்க்காத வீடுகள் ஏராளம். பூரி ஜெகந்நாதர் கோவில் மடப்பள்ளியில் தக்காளி, உருளைக்கிழங்கு எதற்கும் இடமில்லை. இவ்வளவு பிந்தி வந்ததுதான் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது. வருஷம் முழுக்கக் கிடைக்கும், ஊறவைக்க வேண்டாம், கரைக்க வேண்டாம், புளிப்போடு நிறமும் கெட்டித்தன்மையும் சேர்ந்து வரும். அதன் சௌகரியம்தான் அதன் பலம். எனக்கும் தக்காளி ரசம் பிடிக்கும், தினமும் அதுவாக இருக்கக்கூடாது என்றுதான் சொல்கிறேன். நீங்கள் பார்த்த அந்த ஒரே சிவப்பு கிரேவி இருக்கிறதே, அதற்கு எந்த மாதமும் கிடையாது, எந்த மண்ணும் கிடையாது.

ஆகவே அடுத்த முறை பயணம் போகும்போது கடைக்காரரிடம் 'இங்கே என்ன ஸ்பெஷல்' என்று கேட்காதீர்கள், பிரியாணி என்பார். கூட வேலை பார்க்கிறவர்களிடம் 'உங்கள் வீட்டில் புளிப்புக்கு என்ன போடுவீர்கள்' என்று கேளுங்கள். புவனேஸ்வர்க்காரர் உப்புப் போட்டுக் காயவைத்த மாங்காய்த் துண்டான அம்புலாவைப் பற்றிச் சொல்வார், கூடவே கோடையில் தண்ணீர் ஊற்றிவைத்த பக்காலா சோறு பற்றியும். நம் பழைய சோற்றுக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் இந்தக் கேள்விக்குப் பதிலாக வீட்டுக்கே கூப்பிடுவார்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

அப்புறம் அந்தக் கோகம். ஏழெட்டுத் துண்டை ஒரு தம்ளர் வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துக் கசக்கிப் பிழிந்தால் நல்ல சிவப்பாகச் சாறு வரும். ஒரு மூடித் தேங்காயை இரண்டு பல் பூண்டு, ஒரு பச்சைமிளகாயோடு அரைத்துப் பால் எடுத்து இதில் கலந்து, கொஞ்சம் கொத்தமல்லி கிள்ளிப் போட்டால் சோல்கடி. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், கோகத்திலேயே உப்பு இருக்கும். அடுப்பில் ஏற்றாதீர்கள், திரிந்துவிடும். காரமாக மீன் வறுத்த அன்றைக்குச் செய்யுங்கள், மிச்சம் இருந்தால் சோற்றிலும் ஊற்றிக்கொள்ளலாம்.