கரப்பான், செம்பருத்தி, மனித இதயம்: பிளஸ் ஒன் உயிரியலைக் குழப்பமில்லாமல் படிக்க

கேள்வி: என் மகள் மருத்துவம் படிக்கும் ஆசையில் பிளஸ் ஒன்னில் உயிரியல் பிரிவு எடுத்திருக்கிறாள். பத்தாம் வகுப்பு வரை அறிவியலில் நல்ல மதிப்பெண். இப்போது மண்புழு, கரப்பான், தவளை, பூக்கள், தண்டின் உள்ளமைப்பு, மனித உடல் என்று எல்லாம் ஒன்றோடொன்று குழம்புகிறது என்கிறாள். விடிய விடிய மனப்பாடம் செய்கிறாள், இரண்டே வாரத்தில் மறந்துவிடுகிறது. படம் வரையவும் வரவில்லை. செய்முறை வகுப்பில் தவளையை அறுக்கச் சொல்வார்களோ என்ற பயம் வேறு. தனியாக டியூஷன் வைக்கலாமா? – ஒரு தாய், திருவாரூர் மாவட்டம்.

பதில்: முதலில் அந்தப் பயத்தைப் போக்கிவிடலாம். தவளையை அறுக்கும் வழக்கம் பள்ளிகளில் இப்போது இல்லை. கல்லூரி விலங்கியல் வகுப்புகளிலேயே விலங்குகளை அறுப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014ல் நிறுத்திவிட்டது. பள்ளிச் செய்முறையில் படம், மாதிரி, கண்ணாடி வில்லை, பதப்படுத்திய உயிரிகள் இவற்றைக் காட்டி அடையாளம் சொல்லச் சொல்வார்கள். கையால் வெட்டிப் பார்க்க வேண்டியது பூவையும் தண்டையும்தான்.

இனி குழப்பத்துக்கு வருகிறேன். பாடநூல் ஒவ்வோர் உயிரியாக எடுத்து, அதன் செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம், கழிவுநீக்கம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. பிறகு மனிதனுக்கு அதே வரிசை தனித்தனிப் பாடங்களாக வருகிறது. தாவரம் வேறு புத்தகத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளும் அப்படியே படிக்கிறார்கள். மண்புழுவை முடித்து, கரப்பானை முடித்து, தவளைக்கு வரும்போது மண்புழு போய்விடுகிறது. உங்கள் மகளின் ஞாபக சக்தியில் குறையில்லை. ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாத தகவல்கள் யாருக்கும் நிற்காது.

நான் மாணவர்களிடம் சொல்வது இதுதான். உயிரிகளைக் குறுக்கே வெட்டிப் படியுங்கள். ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதை ஒவ்வோர் உயிரும் எப்படிச் செய்கிறது என்று கேளுங்கள். ஆக்சிஜன் உடம்பின் கடைக்கோடி செல்லுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்ற ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கலாம்.

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோல் வழியாகவே ஆக்சிஜன் உள்ளே போகிறது. அதை எடுத்துச் செல்ல மூடிய இரத்தக் குழாய்களும், இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் கரைந்த, ஆக்சிஜனைச் சுமக்கும் நிறமியான ஹீமோகுளோபினும் இருக்கின்றன. கரப்பானுக்கு வருவோம். அதன் இரத்தம் நிறமற்றது, ஹீமோகுளோபின் இல்லை. பதின்மூன்று அறை இதயம் இருந்தும் இரத்தம் உடற்குழிக்குள் திறந்தபடிதான் ஓடுகிறது. அப்படியானால் ஆக்சிஜனை யார் சுமக்கிறார்கள்? யாரும் சுமக்க வேண்டியதில்லை. உடலின் பக்கவாட்டில் பத்து ஜோடி சுவாசத்துளைகள் இருக்கின்றன. அங்கிருந்து கிளைவிட்டுச் செல்லும் மூச்சுக்குழல்கள் காற்றை நேராகத் திசுக்களிடமே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. இரத்தம் நிறமற்று இருப்பதற்கான காரணம் இப்படிப் புரிந்துவிட்டால், "கரப்பானின் இரத்தத்தில் சுவாச நிறமி இல்லை" என்ற வரியை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

தவளையின் இதயத்துக்கு இரண்டு ஆரிக்கிள் (மேலறை), ஒரே வென்ட்ரிக்கிள் (கீழறை). நல்ல இரத்தமும் கெட்ட இரத்தமும் ஒரே வென்ட்ரிக்கிளுக்குத்தான் வருகின்றன. ஆனால் தவளை தோலாலும் சுவாசிக்கிறது, குளிர் இரத்தப் பிராணி, அதன் ஆற்றல் தேவையும் குறைவு. அந்த வாழ்க்கைக்கு மூன்று அறை போதும். நமக்குப் போதாது. உடம்பின் வெப்பத்தை எப்போதும் ஒரே அளவில் வைத்திருக்க நிறைய ஆக்சிஜன் வேண்டும், அதனால் நான்கு அறை. ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 72 துடிப்பு. பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், 5 லிட்டர் வரும். உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

தாவரத்துக்கு இதயமே இல்லை. ஆக்சிஜன் இலைத்துளை வழியாக உள்ளே போய், செல்களுக்கு இடையே உள்ள காற்று இடைவெளிகளில் பரவிவிடுகிறது. நீர்தான் பெரிய பிரச்சினை. தென்னை உச்சிக்கு நீரை ஏற்ற அங்கே பம்பு கிடையாது. இலையிலிருந்து நீராவி வெளியேறும்போது உண்டாகும் இழுவிசை, சைலம் குழாயில் உள்ள நீர்த்தம்பத்தை மேலே இழுக்கிறது.

ஒரு பெரிய தாளில் மண்புழு, கரப்பான், தவளை, மனிதன், தாவரம் என்று ஐந்து பத்தி போட்டு இதை எழுதினால் ஐந்து பாடத்தின் சாரம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். இதே மாதிரி கழிவுநீக்கத்துக்கு ஒன்று, செரிமானத்துக்கு ஒன்று. கழிவுநீக்கத்தை ஆரம்பிக்கச் சுவரில் இருக்கும் பல்லியே போதும். பல்லி எச்சத்தின் நுனியில் வெள்ளையாக இருப்பது யூரிக் அமிலம். நீரை வீணாக்காமல் கிட்டத்தட்டத் திடமாகவே வெளியேற்றும் வழி அது. கரப்பானும் பறவைகளும் அதே வழிதான். தண்ணீரிலேயே இருக்கும் தலைப்பிரட்டை அம்மோனியாவாக வெளியேற்றுகிறது, வளர்ந்த தவளை யூரியாவுக்கு மாறுகிறது. நாமும் யூரியாதான். நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டும் சிறுநீராக விடுகின்றன. மீதி எங்கே போகிறது என்று கேட்டால் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டியான நெஃப்ரானின் படம் தானாகவே தேவைப்படும்.

அப்புறம், படம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பிள்ளைகள் தவறாகப் பழகுவது இங்கேதான். புத்தகத்தைத் திறந்து வைத்துப் பார்த்து வரைவது கைக்குப் பயிற்சி, மூளைக்கு அல்ல. படத்தைச் சில நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் வரைய வேண்டும். கோணல்மாணலாகத்தான் வரும், வரட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவில் சேர்க்க வேண்டும். இரண்டு நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, அப்புறம் மாதக் கடைசியில் ஒருமுறை அதே படம். சிவப்பு குறைந்துகொண்டே வருவது அவள் கண்ணுக்கே தெரியும். தேர்வில் அழகுக்கு மதிப்பெண் இல்லை. வெளிக்கோடு தெளிவாக, உறுப்புகள் சரியான இடத்தில், பெயர்க் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் வலப்பக்கமாக இருந்தால் போதும். பென்சில் நிழல் போடுவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

மனித உடல் படங்களில் ஒரு விஷயத்தை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். படத்தில் இருப்பவர் நம்மைப் பார்த்து நிற்கிறார். ஆகவே படத்தின் இடப்பக்கம் அவருடைய வலப்பக்கம். ஈரிதழ் வால்வு இடது பக்கம் என்று படித்துவிட்டுப் படத்தில் வலது பக்கம் பார்க்கும் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? புத்தகத்தைத் தன் நெஞ்சின் மேல், படம் வெளியே பார்க்கும்படி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இடது இடதாகவே வந்துவிடும். இன்னொன்று, தமனி என்றால் நல்ல இரத்தம், சிரை என்றால் கெட்ட இரத்தம் என்று பலர் பதிய வைத்திருக்கிறார்கள். அது தவறு. இதயத்திலிருந்து வெளியே போவது தமனி, இதயத்துக்குத் திரும்புவது சிரை. நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த இரத்தம்தான் ஓடுகிறது. படத்தில் இருக்கும் நீல நிறம் நாம் பிரித்தறிவதற்காகப் போட்டது, இரத்தம் எங்கேயும் நீலமாக இல்லை.

எலும்பு மண்டலத்துக்கு அவள் உடம்பே போதும். முழங்கையை மேசையில் ஊன்றி உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், கட்டைவிரல் பக்கத்து ஆர எலும்பு, சுண்டுவிரல் பக்கத்து அல்னா எலும்பின் குறுக்கே போய் வருவதை மற்றக் கையால் தொட்டு உணரலாம். தலையைக் குனிந்து கழுத்தின் பின்னால் தடவினால் கழுத்தடியில் துருத்திக்கொண்டு நிற்பது பெரும்பாலும் ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. அங்கிருந்து கீழே மார்புப் பகுதியில் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து.

வீட்டில் அசைவம் உண்டு என்றால், அவளுக்கும் சம்மதம் என்றால், கறிக்கடையில் ஓர் ஆட்டு இதயம் வாங்கித் தாருங்கள். குழாய்களை ஒட்ட வெட்டாமல், பிளக்காமல் முழுசாகத் தரச் சொல்ல வேண்டும். உணவுக்காக அறுத்த ஆடு என்பதால் படிப்புக்காக ஓர் உயிரைக் கொல்லும் உறுத்தல் இல்லை. இரண்டு பக்கத்தையும் விரலால் அழுத்திப் பார்த்தால் இடது வென்ட்ரிக்கிள் சுவர் எவ்வளவு தடிப்பு என்று தெரியும். நுரையீரல் வரைக்கும் தள்ளுவதும், கால் நுனி வரைக்கும் தள்ளுவதும் ஒரே வேலையா? பெருந்தமனிக்குள் தண்ணீர் ஊற்றினால் அரைச்சந்திர வால்வுகள் மூடிக்கொண்டு தண்ணீரைத் தாங்கும். பிறகு நீளவாக்கில் வெட்டினால் வால்வு இதழ்களைப் பிடித்திருக்கும் வெள்ளை நாண்கள் தெரியும். கையுறை போட வேண்டும், கத்தியைச் சமையலுக்குச் சேர்க்கக் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், வெட்டும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். மணிக்கட்டில் நாடி பிடித்து, மாடிப்படி ஏறி இறங்கி மறுபடி எண்ணிப் பார்ப்பதும் நல்ல பாடம்தான்.

ஆனால் எது விலங்கிலிருந்து மனிதனுக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆட்டு இதயமும் நம் இதயமும் நான்கு அறை. ஆட்டின் வயிறோ அசைபோடும் பிராணியின் நான்கு அறை வயிறு, நம்முடையது ஒரே பை. அதைப் பார்த்து நம் இரைப்பையைப் படிக்க முடியாது. பண்டைய ரோமப் பேரரசின் மருத்துவர் கேலன் குரங்கு, பன்றி போன்ற விலங்குகளை அறுத்துப் பார்த்து மனித உடலைப் பற்றி எழுதினார். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று அவர் சொன்னதை ஐரோப்பா ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நம்பியது. மனித உடலையே அறுத்துப் பார்த்த வெசாலியஸ் 1543ல்தான் அது ஒரே எலும்பு என்று படம் போட்டுக் காட்டினார். உங்கள் மகளின் ஐந்து பத்தித் தாளில், மனிதனுக்கும் மற்றவற்றுக்கும் ஒற்றுமை முடியும் இடத்தை ஒரு கோடு போட்டுக் குறிக்கச் சொல்லுங்கள்.

தாவரவியல் இன்னும் சுலபம், பொருள் வாசலிலேயே இருக்கிறது. ஒற்றைச் செம்பருத்தியாகப் பறித்துக்கொள்ளுங்கள். அடுக்குச் செம்பருத்தி வேண்டாம், அதில் மகரந்தத்தாள்கள் பல இதழாக மாறியிருக்கும். வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொரு வட்டமாகப் பிரித்து வெள்ளைத்தாளில் ஒட்ட வேண்டும். புறப்புல்லி, புல்லி, திருகிக்கொண்டிருக்கும் ஐந்து அல்லி, ஒரே குழலாக இணைந்த மகரந்தத்தாள்கள், அந்தக் குழலுக்குள்ளே நுழைந்து மேலே ஐந்தாகப் பிரியும் சூலகத்தண்டு, அதன் நுனிகளில் சூலகமுடி. இப்படிப் பிரித்துவிட்டு எழுதினால், பூவின் அமைப்பைக் குறியீடுகளால் சொல்லும் மலர் வாய்ப்பாடு புரியாத எழுத்துக் கூட்டமாகத் தெரியாது. சூல்பை சின்னதாக இருக்கும், குறுக்கே வெட்டுவது சிரமம். அதற்குப் பதில் அதே மால்வேசி குடும்பத்து வெண்டைக்காயை வெட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து அறை, விதைகள் நடு அச்சில் ஒட்டியிருக்கும். அது அச்சு சூல் ஒட்டுமுறை. பச்சைப் பட்டாணியை உரித்தால் விதைகள் ஒரே விளிம்பில், பப்பாளியை வெட்டினால் சுவரில். சமையலுக்குக் காய் நறுக்கும்போதே அந்தப் பாடம் முடிந்துவிடும். சங்குப்பூவில் கொடி, சிறகு, படகு இதழ்களைப் பிரிக்கலாம். ஊமத்தையும் பாடத்தில் உண்டு, ஆனால் அது கடும் நஞ்சு. தொட்ட கையைக் கண்ணிலோ வாயிலோ வைக்காமல் உடனே கழுவ வேண்டும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கொண்டுவரவே வேண்டாம்.

தண்டுக்குக் கரும்பு. குறுக்கே வெட்டிய முகத்தில் சிதறிக் கிடக்கும் புள்ளிகள் வாஸ்குலார் கற்றைகள், அதாவது நீரையும் உணவையும் கடத்தும் திசுக்கள், அது ஒருவிதையிலை. சூரியகாந்தித் தண்டில் அவை வளையமாக இருக்கும், அது இருவிதையிலை. காசித்தும்பைச் செடியைச் சிவப்புச் சாயம் கலந்த நீரில் நிறுத்தினால், சாயம் ஏறும் சைலத்தைத் தண்டுக்குள்ளேயே பார்க்கலாம். பள்ளியில் பிளேடால் வெட்டும்போது முழு வட்டம் வர வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். கால் வட்டம் மெல்லியதாக வந்தால் அதுவே நுண்ணோக்கியில் நன்றாகத் தெரியும்.

பிளஸ் டூவில் மனித இனப்பெருக்கம் வரும். பல வீடுகளில், சில வகுப்புகளிலும் கூட, அதைக் கூச்சத்தோடு வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். நீங்களாவது அப்படிச் செய்யாதீர்கள். மதிப்பெண்ணுக்கும் மேல், அவள் தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் அது.

டியூஷன் பற்றிக் கேட்டீர்கள். இப்போதே வேண்டாம், ஒரு பருவம் இந்த முறையில் படித்துப் பார்க்கட்டும். பிளஸ் டூ உயிரியலில் எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண் தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் ஆளுக்கு 35 என்று சமமாகப் பிரிகிறது. நீட் தேர்வின் 180 கேள்விகளில் 90 உயிரியல், அதிலும் இரண்டுக்கும் ஏறக்குறைய பாதிப் பாதி. விலங்கியல்தான் மருத்துவத்துக்கு வேண்டும் என்று தாவரவியலை ஒதுக்குகிறாளா என்று மட்டும் கவனியுங்கள், இந்தப் பிரிவு எடுக்கும் பிள்ளைகள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். பருவம் முடிந்த பிறகும் சிரமம் என்றால் டியூஷன் வைக்கலாம். ஆனால் சேர்ப்பதற்கு முன் அந்த ஆசிரியரின் மாணவர் ஒருவரின் நோட்டை வாங்கிப் பாருங்கள். எழுதிக் கொடுத்த குறிப்புகள் மட்டும் பக்கம் பக்கமாக இருந்து, மாணவர் தானே வரைந்து திருத்திய படங்கள் இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.